வரைபடத்தில் இல்லாத மாடி

பல் டாக்டர் வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார். கார் ஓட்டப் பழக வந்த அவருக்கு அது ஒன்பதாவது வகுப்பு. ஊரார் வாயையெல்லாம் அதட்டித் திறக்கச் சொல்கிறவருக்கு கியரைத் தொட்டால் மட்டும் கை உதறும். கண்ணாடியைப் பாருங்கள், தோளுக்கு மேல் திரும்பிப் பாருங்கள், கிளட்சை மெல்ல விடுங்கள் என்று மூன்று வாரமாகத் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லி, அன்றைக்குத்தான் வண்டி நெளியாமல் நேராக வந்தது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து இருக்கையில் இருந்த பயிற்சியாளர் தன் காலடியில் இருந்த இரண்டாவது பிரேக்கை ஓங்கி மிதித்தாள். வண்டி குலுங்கி நின்றது.

"என்னம்மா, சரியாத்தானே வந்தேன்?" என்றார் டாக்டர்.

"சரியாத்தான் சார் வந்தீங்க. தப்பு என்னோடது."

அவள் கண் எதிர்ச்சாரியில் இருந்தது. மஞ்சள் சுவர் வீட்டின் இரும்பு கேட்டில் ஓர் அட்டை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். வீடு விற்பனைக்கு. கீழே ஒரு தொலைபேசி எண்.

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவளுக்கு வேலை பழகி இருபத்திரண்டு வருஷம் ஆகிவிட்டது. பழகுகிறவர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் பிரேக்கம்மா. பின்னால் எடுக்கக் கற்றுக்கொடுக்க ஊரில் எத்தனையோ தெரு இருந்தும், யார் வந்தாலும் இந்தத் தெருவுக்குத்தான் வண்டியைத் திருப்பச் சொல்வாள். கேட்டால், நடமாட்டம் குறைவு என்பாள். உண்மையில் மற்ற தெருக்களில் இதைவிடக் குறைவு. அவள் வந்தது அந்த மஞ்சள் வீட்டு மாடியைப் பார்க்க.

அவள் கணவர் கப்பலில் எஞ்சின் அறை ஃபிட்டர். கல்யாணமாகி இருபத்து நான்கு வருஷத்தில் அவர் ஒன்பது மாதம் கடலில் இருப்பார், இரண்டு மாதம் வீட்டில் இருப்பார், பிறகு பெட்டியைக் கட்டுவார். வந்த முதல் வாரம் இருவருக்கும் கூச்சம் விலகவே போய்விடும். கடைசி வாரம் பெட்டியைப் பார்த்துப் பார்த்தே கழியும். நடுவில் இருக்கிற நாள்தான் கணக்கு. பிள்ளை இல்லை. அதைப் பற்றிப் பேச வேண்டியதையெல்லாம் பேசி ஓய்ந்தாகிவிட்டது.

ஒரே ஒரு முறை, கல்யாணமான மூன்றாம் வருஷம், அவர் எஞ்சின் அறை ஏணியிலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டு கரைக்கு வந்தார். உள்ளே கம்பி வைத்துத் தைத்தார்கள். பதினேழு மாதம் எங்கும் போகவில்லை. அப்போது அவர்கள் குடியிருந்தது அந்த மஞ்சள் வீட்டு மாடி. ஓர் அறை, ஒரு சமையலறை, மொட்டைமாடியில் தகரக் கதவு போட்ட குளியலறை. அவள் வேலை முடிந்து தெரு முனை திரும்பும்போது ஜன்னலில் அவர் தலை தெரியும். அவள் படியேறி முடிப்பதற்குள் உள்ளே டம்ளர் சத்தம் கேட்கும். டீ போட்டு வைத்திருப்பார். மற்ற பெண்களுக்கு அது அன்றாடம். அவளுக்கு வாழ்நாளில் பதினேழு மாதம்.

இப்போது அவர் போயிருப்பது கடைசிப் பயணம். இன்னும் ஐந்து மாதத்தில் கரையேறிவிடுவார். வந்ததும் சொந்த வீட்டில் இருக்க வேண்டும் என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். "வீட்ட நீயே பாரு. உனக்குப் புடிச்சா எனக்குப் புடிச்ச மாதிரி" என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார்.

பல் டாக்டரை அவர் வீட்டு வாசலில் இறக்கிவிட்ட கையோடு அவள் அந்த எண்ணை அழைத்தாள்.

வீட்டைக் காட்ட வந்தவர் விற்கிறவர் பக்கத்துத் தரகர். சட்டைப்பையில் மூன்று பேனா, முகத்தில் ஓயாத சிரிப்பு. பழைய வீட்டுக்காரர் காலமாகி மகன் விற்கிறார் என்றார். கீழ்த்தளத்தில் கூடம், இரண்டு படுக்கையறை, பின்கட்டு என்று அவர் காட்டக் காட்ட அவள் சும்மா தலையாட்டிக்கொண்டு போனாள். கால் மட்டும் படிக்கட்டுப் பக்கமே இழுத்தது.

மாடி அறையில் யாரோ விட்டுப்போன ஒரு நாற்காலியும், சுவரில் நான்கைந்து ஆணியும் இருந்தன. சுண்ணாம்பு பச்சையாக மாறியிருந்தது. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நிற்கிறோம் என்று நினைவு வந்தபோது கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. தரகர் வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"முன்னாடி இந்தப் பக்கம் இருந்திருக்கீங்களா அக்கா?"

"இதே வீட்டுலதான் குடியிருந்தோம்."

சொல்லியிருக்கக் கூடாது என்று வாய் மூடும்போதே தெரிந்துவிட்டது. தரகரின் சிரிப்பு ஒரு விரற்கடை அகன்றது.

"வேற ரெண்டு பேர் பாத்துட்டுப் போயிருக்காங்க. ஆனா ராசின்னு ஒண்ணு இருக்கே. இந்த வாரத்துக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிடுங்க. உங்க பக்கத்துக்கும் நானே எல்லாம் பாத்துக்கறேன். தனியா ஒரு ஆள் வச்சு எதுக்கு வீண் செலவு?"

அவளுக்கும் அதுதான் சரியென்று பட்டது. தெரிந்த வீடு. எந்தக் குழாய் சொட்டும், எந்தக் கதவு மழையில் உப்பும் என்பதுவரை தெரியும். இதற்கு ஆள் எதற்கு?

நாத்தனார் ஒத்துக்கொள்ளவில்லை. அவள் கணவரின் தங்கை, நீதிமன்றத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். ஊரில் யார் எதில் மாட்டிக்கொண்டாலும் அவர்களுடைய காகிதம் இவள் கடை வழியாகத்தான் போகும் என்பதால் உலகத்தின் மேல் அவளுக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது.

"அண்ணி, என் கதை உங்களுக்குத் தெரியாதா? நானும் இப்படித்தான், அந்தப் பக்கத்து ஆளே நம்ம பக்கமும் பாத்துக்குவார்னு விட்டேன். பத்திரத்துல கார் நிறுத்தற எடம்னு போட்டிருக்கு. போய்ப் பாத்தா அந்த எடத்துக்கு நடுவுல ஒரு தூண். நாலு வருஷமா அந்தத் தூணத்தான் நிறுத்தி வச்சிருக்கேன். அந்த ஆள் இன்னமும் எனக்குப் பொறந்த நாள் வாழ்த்து அனுப்பறான்."

"இது எனக்குத் தெரிஞ்ச வீடு."

"அதான் பயமே. தெரியாத வீடுன்னா நீங்களே நாலு கேள்வி கேப்பீங்க." அவள் எந்திரத்திலிருந்து சூடாக வந்த தாள்களைத் தட்டி அடுக்கினாள். "நம்ம பக்கம் மட்டும் நிக்கற ஆள் இருக்காங்க அண்ணி. வாங்கறவங்களுக்காகவே வேலை செய்யறவங்க. ஒருத்தர் நம்ம கடைக்கு வருவார். கையில எப்பவும் டார்ச் லைட். சுவத்தக் கண்டா அடிச்சுப் பாக்காம போக மாட்டார். அவர வச்சுக்கோங்க."

"யோசிக்கறேன்" என்றாள் அவள். யோசிக்கிற எண்ணமில்லை. ஆள் என்று ஒருவர் வந்தால், ஏன் இந்த வீடு என்று கேட்பார். வெயில் வருகிறதா, தண்ணீர் வருகிறதா என்று கேட்கிறவரிடம் போய், அந்த ஜன்னலில் அவர் தலை தெரியும் என்று எப்படிச் சொல்வது?

இரண்டு நாள் கழித்து மதிய இடைவேளையில் கப்பலிலிருந்து அழைப்பு வந்தது. ஏதோ ஒரு துறைமுகம். மஞ்சள் வீடு விலைக்கு வந்திருக்கிறது என்று மூச்சு வாங்காமல் சொன்னாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. அவர்கள் பேசுவதில் எப்போதும் இடையில் ஒரு தாமதம் உண்டு. சொன்னது போய்ச் சேர்ந்து பதில் வர இரண்டு மூன்று நொடி ஆகும். அதுதான் என்று நினைத்தாள்.

"அப்படியா" என்றார். "நல்லதுதான். உனக்குப் புடிச்சிருந்தா வாங்கிடு. ஆனா தங்கச்சி சொல்ற மாதிரி ஒரு ஆள வச்சுக்கோயேன்."

"அவ உங்களுக்கும் போன் பண்ணிட்டாளா?"

"மெசேஜ் அனுப்பினா. தூண் படத்தோட."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாய்க்கு மறுப்புச் சொல்ல வரவில்லை. சரி, வைத்துக்கொள்கிறேன் என்றாள்.

டார்ச்சுக்காரர் மறுநாள் மாலை பயிற்சிப் பள்ளி அலுவலகத்துக்கே வந்தார். ஐம்பது தாண்டிய, ஒல்லியான மனிதர். முன்பு நில அளவையாளராக இருந்தவராம். பேச்சும் அளந்துதான் வந்தது. உட்காருவதற்கு முன் நாற்காலிக் காலை ஆட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"என் கூலி இவ்வளவுதான். நீங்க வாங்கினாலும் இதுதான், வேணாம்னு விட்டாலும் இதுதான். அதனால வாங்க வைக்கணும்னு எனக்கு அவசியமில்ல. வேணாம்னு சொல்லணும்னும் இல்ல." ஒரு சின்ன நோட்டைப் பிரித்தார். "வீட்டுல என்னென்ன வேணும் உங்களுக்கு?"

"காத்து வரணும். வெளிச்சம் இருக்கணும். தண்ணிக் கஷ்டம் இருக்கக் கூடாது."

அவர் எழுதவில்லை. "இது எல்லாரும் சொல்றது. அந்த மஞ்சள் வீட்டுல என்ன இருக்கு?"

"நாங்க அங்க இருந்திருக்கோம்" என்றாள். குரல் தன் பேச்சைக் கேட்காமல் தழைந்துவிட்டது. அவர் நிமிர்ந்து ஒரு தரம் பார்த்தார். அதை எழுதிக்கொண்டார். மேலே ஒன்றும் கேட்கவில்லை.

"ரெண்டு பேர் பணம், ரெண்டு பேர் பேர்ல வாங்கறீங்க. உங்க வீட்டுக்காரர்கிட்டயும் நான் தனியா பேசணும். இது என் வழக்கம்."

"அவர் என்ன சொல்லப்போறார். எனக்குப் புடிச்சா சரிம்பார்."

"அப்ப ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிரும்" என்றார் அவர்.

அடுத்த வாரம் அவளும் டார்ச்சுக்காரரும் வீட்டைப் பார்க்கப் போனார்கள். அதைப் பார்ப்பது என்று சொல்ல முடியாது, நாடி பிடிப்பது என்று சொல்லலாம். கழிவுநீர்க் குழாய்க்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து முகர்ந்தார். சுவரை விரல் முட்டியால் தட்டிக் காது கொடுத்தார். பட்டப்பகலில் டார்ச்சை அடித்துப் படிக்கட்டுக்கு அடியில் நுழைந்து, தலைமுடியெல்லாம் ஒட்டடையோடு வெளியே வந்தார். விற்கிறவர் பக்கத்துத் தரகர் பேனாக்களைத் தடவியபடி கூடவே வந்தார். சிரிப்பு பாதியாகியிருந்தது. மாடி ஏறினார்கள். அவள் ஜன்னல் பக்கம் போகாமல் கதவருகிலேயே நின்றுகொண்டாள். டார்ச்சுக்காரர் முன்னால் அந்தக் கம்பியைத் தொடக் கூச்சமாக இருந்தது.

கீழே வந்ததும் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மாடி எப்ப கட்டினது?"

"அது ஆரம்பத்துல இருந்தே இருக்கு" என்றார் தரகர்.

"அப்படியா" என்று நோட்டை மூடினார்.

மூன்றாம் நாள் அவர் நகராட்சி அலுவலகத்திலிருந்து ஒரு நகலோடு வந்தார். பயிற்சி வண்டியின் முன்மூடியில் விரித்துக் காட்டினார். வீட்டின் அனுமதி வரைபடம். கூடம், இரண்டு அறை, பின்கட்டு, கிணறு. அவள் தாளைத் திருப்பிப் பார்த்தாள். மறுபக்கம் வெறுமையாக இருந்தது.

"மாடி எங்க?"

"இல்ல. காகிதத்துல இந்த வீட்டுக்கு மாடியே கிடையாது. அனுமதி வாங்காம பின்னாடி கட்டியிருக்காங்க. வரியும் கீழ்த்தளத்துக்கு மட்டும்தான் போகுது."

அவளுக்கு முதலில் வந்தது சிரிப்பு. "அப்ப நாங்க பதினேழு மாசம் எங்க இருந்தோம்?"

அவர் சிரிக்கவில்லை. நிதானமாகச் சொன்னார். மாடியைச் சேர்த்து விலை சொல்கிறார்கள். அதைக் குறைக்க வைக்கலாம், அது தன் வேலை. ஆனால் வாங்கிய பிறகு மாடியை ஒழுங்குபடுத்தித் தருவார்களா என்பது தெரியாது. ஆறு மாதமும் ஆகலாம், ஆறு வருஷமும் ஆகலாம், கடைசியில் இடிக்கச் சொல்லவும் சொல்லலாம். தரகருக்கு இது தெரியாமல் இருக்க வழியில்லை.

"இடிக்கச் சொல்றப்ப பாத்துக்கலாம்" என்றாள் அவள். "அது வரைக்கும் இருக்கும் இல்லையா? நீங்க விலை பேசுங்க."

அவர் தாளை மடித்தார். மடித்ததைப் பிரித்து, மறுபடி வேறு விதமாக மடித்தார்.

"உங்க வீட்டுக்காரர்கிட்ட பேசினேன். இருபத்தஞ்சு நிமிஷம் பேசினார்."

அவளுக்குக் காதில் விழுந்தது புரியவில்லை. அவளிடம் கணவர் போனில் ஐந்து நிமிஷத்துக்கு மேல் பேசியதில்லை. சாப்பிட்டாயா, உடம்பு எப்படி இருக்கிறது, வாடகை கொடுத்தாயா. அதற்குமேல் போனால் சிக்னல் போய்விடும், இல்லாவிட்டால் வேலைக்குக் கூப்பிட்டுவிடுவார்கள்.

"என்ன சொன்னார்?"

"அவர் சொன்னது அவரோடது. நீங்க சொன்னத அவர்கிட்டயும் நான் சொல்லல. நான் ரெண்டு பேருக்கும் ஆள்." அவர் டார்ச்சைச் சட்டைப்பையில் செருகினார். "நீங்களே கேளுங்கம்மா. விலை பேசறதுக்கு முன்னாடி கேட்டுருங்க. அது மட்டும்தான் நான் சொல்வேன்."

அதன் பிறகு நான்கு நாள் அவளுக்கு நிலைகொள்ளவில்லை. முன்பின் தெரியாத மனிதரிடம் இருபத்தைந்து நிமிஷம். வகுப்பில் ஒரு கல்லூரிப் பெண் மூன்றாம் கியரிலேயே கடைத்தெரு முழுக்க ஓட்டிப் போனாள். பிரேக்கம்மா கவனிக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கணவர் அழைத்தபோது அவள் பள்ளி வளாகத்தில் நிறுத்தியிருந்த பயிற்சி வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். வாடகை வீட்டுச் சுவர் மெல்லியது. வண்டிக்குள்தான் அவளுக்குப் பேச்சு வரும்.

"சாப்பிட்டியா?" என்றார்.

"சாப்பிட்டேன். அந்த டார்ச்சுக்காரர்கிட்ட இருபத்தஞ்சு நிமிஷம் பேசினீங்களாமே."

"சொன்னாரா?"

"ஒண்ணும் சொல்லல. உங்களக் கேக்கச் சொன்னார். கேக்கறேன். அந்த வீடு உங்களுக்கு வேணுமா, வேணாமா?"

"உனக்குப் புடிச்சா..."

"அத விடுங்க. அத நெறைய தடவ கேட்டுட்டேன்."

இந்த முறை தாமதம் இரண்டு மூன்று நொடியில் முடியவில்லை. பின்னால் எஞ்சின் முனகுவது கேட்டது. யாரோ யாரையோ கூப்பிட்டார்கள்.

"எனக்கு அந்த மாடி வேணாம்மா" என்றார்.

அவள் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டாள்.

"படி பதினெட்டு. எட்டாவது படி மட்டும் உசரம் ஜாஸ்தி. கட்டைய ஊனிக்கிட்டு எறங்க எனக்கு அரை மணி ஆகும். ஏறறதுக்கு அதுக்கு மேல. அதனால எறங்கறதையே விட்டுட்டேன். காலையில நீ போனா சாயங்காலம் வரைக்கும் நானும் அந்த நாலு சுவரும்தான். அந்த அறைய நெனச்சா இப்பவும் மூச்சு முட்டும்."

"நீங்க ஒரு நாள் கூட சொல்லலையே."

"நீ அவ்வளவு சந்தோஷமா படியேறி வருவ. அதுல போய் என்னத்தச் சொல்ல?"

"ஜன்னல்லயே உக்காந்திருப்பீங்களே, தினமும்."

"அங்கேருந்து துறைமுகத்துக் கிரேன் தெரியும். தண்ணி டேங்குக்கு இடது பக்கம், துளியூண்டு. எது உள்ள வருது, எது கெளம்பிப் போவுதுன்னு பாத்துக்கிட்டே இருப்பேன். இனிமே கப்பல் ஏற முடியாதோன்னு பயம் எனக்கு."

பதினேழு மாதம் இருந்த வீட்டில் அவள் அந்தக் கிரேனைப் பார்த்ததே இல்லை. ஜன்னலுக்கு வெளியே அவ்வளவு தூரம் பார்க்க அவளுக்கு அப்போது என்ன தேவை இருந்தது? வேண்டியது உள்ளேயே இருந்தது.

"நான், எனக்காக உக்காந்திருக்கீங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

"உனக்காகவும்தான்."

வேறு யாருக்கும் அது ஆறுதலான வார்த்தை. அவளுக்கு நடுவில் இருந்த அந்த 'உம்' போய்த் தைத்தது. இருபது வருஷத்துக்கு மேலாக, அவர் இல்லாத ஒவ்வொரு ஒன்பது மாதத்தையும் அவள் அந்த ஜன்னலை நினைத்துத்தான் தள்ளியிருக்கிறாள். அந்த ஜன்னலில் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் அவர் வேறு திசையில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"அப்ப ஏன் வாங்கிடுன்னு சொன்னீங்க?"

"உனக்கு ஒரு ஆசை. நான் என்னிக்கு வீட்டுல இருந்தேன், இது வேணாம் அது வேணாம்னு சொல்றதுக்கு? அந்த மனுஷன் பேனாவும் கையுமா உக்காந்து, உங்களுக்கு என்னங்க வேணும்னு கேட்டார். அப்படி யாரும் என்னைக் கேட்டதில்ல. வாய் தானாத் தொறந்துருச்சு."

"நானும் கேட்டதில்ல."

"நீ கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்" என்றார். அது பொய்யில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அன்று அவர்கள் ஐம்பது நிமிஷம் பேசினார்கள். கடைசியில் சிக்னல்தான் அவர்களை விலக்கியது.

மறுநாள் காலை டார்ச்சுக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவர் சரி என்றார், நோட்டில் ஒரு கோடு கிழித்தார். விற்கிறவர் பக்கத்துத் தரகர் மட்டும் விடவில்லை. விலையைக் குறைத்துப் பேசலாம் அக்கா என்றார், வேறு ஆள் முன்பணத்தோடு நிற்கிறார் என்றார், கடைசியாக, ராசியை நீங்களே தட்டிவிடுகிறீர்கள் என்று வருத்தப்பட்டார். வைக்கிறேன் தம்பி என்று அவள் போனை வைத்தாள். ஒரு மாதத்தில் வீட்டை யாரோ வாங்கிவிட்டதாக நாத்தனார் கடையில் காகிதம் வந்தது.

கோபம் தணிய நாளாயிற்று. யார் மேல் கோபம் என்றுகூட அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. சொல்லாமல் மறைத்த அவர் மேலா, கேட்க வைத்த டார்ச்சுக்காரர் மேலா? ஒரு பக்கம் மனசு, தெரியாமலே இருந்திருக்கலாம் என்றது. அந்தப் பதினேழு மாதத்தைத் திரும்ப எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் அதில் இப்போது இன்னொரு ஆளும் இருந்தார். கட்டையைச் சுவரில் சாத்திவிட்டு, தண்ணீர்த் தொட்டிக்கு இடதுபக்கம் கண்ணை இடுக்கிப் பார்க்கிற ஒருவர். அவள் ஏங்கிய மனிதரைவிட இவர் அவளுக்குப் புதியவர். எரிச்சலோடுதான் என்றாலும், இவரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது.

அதனால் கேட்கத் தொடங்கினாள். டார்ச்சுக்காரர் காட்டுகிற வீடுகளைப் படம்பிடித்து அனுப்புவாள். முதலில் எல்லாவற்றுக்கும் நல்லா இருக்கு என்று வந்தது. "நல்லா இருக்குன்னா எனக்கு வேணாம். எது நல்லா இல்ல, அதச் சொல்லுங்க" என்று எழுதினாள். மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. படி கூடாது. வாசலை விட்டு இறங்கினால் தரை இருக்க வேண்டும். பின்பக்கம் ஒரு சின்ன மேசை போட்டுச் சாமான் பிரித்து மாட்ட இடம் வேண்டும். பிறகு தனியாக ஒரு வரி: கப்பல் சங்கு கேட்காத தூரமாக இருந்தால் நல்லது.

அந்தக் கடைசி வரியைப் பார்த்துக்கொண்டு அவள் வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள். சங்கு காதில் விழுந்தால் மறுபடி கிளம்பிப் போய்விடுவோம் என்று பயப்படுகிறார் என்பது புரிந்தது. கடலை விட்டுத் திரும்பி வருவதற்கு அவரும் அவர் பக்கம் மனசைத் தயார் செய்துகொண்டிருந்திருக்கிறார்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் அவர் வந்து சேர்ந்தார். இந்த முறை இரண்டு பெட்டி. வழக்கமான கூச்சம் வழக்கம்போல ஒரு வாரம் இருந்தது. பிறகு மூவருமாக வீடு பார்க்கப் போனார்கள். டார்ச்சுக்காரரும் அவரும் சேர்ந்து சுவரைத் தட்டினார்கள். குழாயை யார் முதலில் முகர்வது என்று இருவருக்கும் போட்டியே வந்துவிட்டது. ஒரு வீட்டில் அடித்தளம் இறங்கியிருந்தது. இன்னொன்றில் பக்கத்துக்காரரோடு பாதை வழக்கு. நான்காவதாக, பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒற்றைத் தளத்தில் சின்ன வீடு. அழகென்று சொல்ல எதுவும் இல்லை. வடக்குச் சுவரில் ஈரம் இருப்பதை டார்ச் கண்டுபிடித்தது, அதைச் சொல்லி டார்ச்சுக்காரர் விலையையும் இறக்கினார். வரைபடத்தில் இருந்த அறைகள் எல்லாம் தரையிலும் இருந்தன.

"உனக்குப் புடிச்சிருக்கா?" என்று கேட்டார் கணவர்.

"நீங்க முதல்ல சொல்லுங்க."

"புடிச்சிருக்கு. சமையலறைதான் இருட்டு."

"ஆமா, இருட்டுதான்" என்றாள். வாங்கினார்கள்.

குடிபோன அன்று கட்டிலை எந்தச் சுவரோரம் போடுவது என்பதில் சண்டை வந்தது. அவள் கிழக்கு என்றாள். அவர் ஜன்னலடியில் என்றார். நாத்தனார் குறுக்கே வந்து நடுவில் போடச் சொல்லி இருவரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். குரல் உயர்ந்தது. கப்பலில் பழகிய தொண்டை அவருடையது, கடைத்தெருவில் பழகியது அவளுடையது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வீட்டைப் பற்றி அவர்கள் போட்ட முதல் சண்டை அது. அவர் அலமாரி மாட்ட ஆணி வாங்கி வருகிறேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அவள் பெட்டி பிரித்துப் பாத்திரங்களை எடுத்து வைத்தாள். கால் மணி போயிற்று. ஆணிக் கடை சந்து முனையில்தான். அரை மணி ஆனபோது கை வேலையில் இருக்க, கண் வாசலுக்குப் போய்ப் போய் வந்தது. கோபித்துக்கொண்டு போகிற மனிதர் இல்லை, வந்துவிடுவார், வேறு எங்கே போகப் போகிறார் என்று தெரியும். தெரிந்தும் மார்புக்கூட்டுக்குள் அது கிளம்பியது. ஒன்பது மாதத்துக்கு என்று அவள் பழகி வைத்திருந்த அதே ஏக்கம், அளவு குறையாமல், அரை மணிக்கும் வந்து நின்றது. அதற்கு நாளும் தெரியாது, மைலும் தெரியாது போலிருக்கிறது. அவள் அதை விரட்டவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

சந்தில் அவர் வந்துகொண்டிருந்தார். கொஞ்சம் சாய்ந்த நடை. பழைய முறிவு குளிர் நாளில் அப்படித்தான் இழுக்கும். கையில் ஆணிப் பொட்டலம், இன்னொரு கையில் ஒரு பல்பு.

"சமையலறைக்கு" என்று பல்பைத் தூக்கிக் காட்டினார். "இருந்ததுலயே பெரிசா கேட்டேன். அதான் நேரமாயிருச்சு."

"ஸ்டூல் எங்க வச்சீங்க?" என்று கேட்டுக்கொண்டே அவள் உள்ளே போனாள். அவர் ஏறி நின்றார். அவள் இரண்டு கையாலும் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள்.